இரண்டு கிளிப்புக்கு முடி

லூர்துராஜ் மாமாவின் தலையை விட்டு அந்த விக் கிளம்பிப் போனது 2023 ஏப்ரல் ஏழாம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், விளாங்குடியில் அன்று பாஸ்கா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாற்பது பேராவது அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவதுதான் பாஸ்கா. பள்ளி மைதானத்தில் மேடை போட்டிருப்பார்கள். தீர்ப்பு முடிந்ததும் இயேசு மேடையிலிருந்து இறங்கி, சிலுவையைச் சுமந்துகொண்டு கூட்டத்தின் நடுவே ஒரு சுற்று வந்து, மூன்று முறை விழுந்து, மறுபடி மேடை ஏற வேண்டும். மாமா என் அம்மாவின் தம்பி. 2010இலிருந்து அவர்தான் இயேசு. அன்று முதல் இரண்டு முறையும் ஒழுங்காக விழுந்தார். மூன்றாவது முறை விழுந்தபோது முள்முடி அவருக்கு முன்னால் உருண்டு போனது. தோள் வரை தொங்கிய பழுப்பு நிற விக்கும் அதன் கூடவே போனது. முன்வரிசைப் பெண்கள் "ஆண்டவரே" என்றார்கள். பக்தியில் சொன்னார்களா, பதறிப்போய்ச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

சாட்டையும் ஈட்டியுமாகப் பின்னால் வந்த ரோமைச் சிப்பாய் அழகுபாண்டி. மாமாவின் எதிர்வீட்டுக்காரர். அவர்கள் குடும்பம் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம்தான். ஆனால் ஆள் ஆறடி உயரம் என்பதால் பாஸ்கா கமிட்டி வருடம் தவறாமல் அவரைக் கூப்பிட்டுவிடும். அவர் விக்கை ஈட்டி முனையால் தூக்கி எடுத்து, "அண்ணே, அசையாம இருங்க" என்று காதோரம் சொல்லி, தலையில் வைத்து அமுக்கினார். முன்பின் மாறிவிட்டது. முகத்தை மூடிய முடிக்குள்ளிருந்து வழி பார்த்துக்கொண்டே மாமா கல்வாரி மலை போய்ச் சேர்ந்தார்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பத்து நாள் தங்கலாம் என்று நான் வீடு திரும்பிய வாரம் அது. மறுநாள் காலையில் அந்தக் காணொளி எனக்கு ஆறு பேரிடமிருந்து வந்தது. பத்து நாள் கணக்கு அத்தோடு போயிற்று.

குற்றம் விக்கின் மேல் இல்லை. அதன் உள்பக்கம் நான்கு கிளிப்புகள் உண்டு. பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. சொந்த முடியைக் கவ்விக்கொண்டால்தான் விக் நிற்கும். பின்னந்தலையில் மாமாவுக்குப் பஞ்சமில்லை. முன்னந்தலையில்தான் முப்பத்தெட்டு வயதில் கொட்ட ஆரம்பித்தது, நாற்பத்தேழு வயதில் கவ்வுவதற்கு எதுவுமே இல்லாமல் ஆகிவிட்டது. இரண்டு வருடமாகப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். மதுரை ஏப்ரலில் தார் ரோடே இளகும்போது பசை மட்டும் என்ன செய்யும்?

மாமா ஒரு மிஷன் பள்ளியில் எழுத்தர். மாற்றுச் சான்றிதழ் எழுதுவார், நன்னடத்தைச் சான்றிதழுக்கு முத்திரை குத்துவார். பையன்களுக்கு அவர் 'ஆபீஸ் சார்'. பெயர் தெரியாது. பேருந்தில் ஏறினால் கண்டக்டர் அவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து டிக்கெட் கொடுப்பார். கல்யாண வீட்டுப் புகைப்படங்களில் அவர் தோள் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட மனிதரை, பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலம் வந்தால், காய்கறிக்காரப் பெண்கள் "வாங்க சாமி" என்று கூப்பிட்டுக் கொத்தமல்லியைச் சும்மா போடுவார்கள். பெரிய வெள்ளியன்று இரண்டாயிரம் பேர் அவரைப் பார்த்து அழுவார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மீதி வருடம் முழுவதும் சான்றிதழ் எழுதிவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடகத்தின் வசனமெல்லாம் 2010இல் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தது. குரல் மைக் செட்டுப் பெட்டியிலிருந்து வரும். நடிப்பவர்கள் வாயசைத்தால் போதும். இயேசுவின் குரல் மாமாவுடையது. வீட்டில் உப்பு கேட்கும்போது இல்லாத ஒரு கனம் அந்தக் குரலில் இருக்கும்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரமே கமிட்டி கூடியது. தலைவர் சவரிமுத்து ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதையும் வண்டி புறப்படும் நேரம் மாதிரிதான் சொல்வார். அடுத்த தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஒத்திகை. அன்றைக்கு விக் நின்றால் லூர்து, நிற்காவிட்டால் ஜினோ. அவ்வளவுதான் தீர்மானம்.

ஜினோ அடுத்த தெருப் பையன். வயது இருபத்து மூன்று, செல்போன் கடையில் வேலை. மாமாவின் பள்ளியில் படித்தவன்தான். சொந்த முடியே தோளில் விழும். அதை அவன் ஒதுக்கிவிடும் அழகைப் பார்த்தால் கமிட்டியைக் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு மாமா தலையில் போடாதது இல்லை. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி, ஆமணக்கெண்ணெய். அழகுபாண்டியின் மைத்துனர் தவசி சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். கொழுந்து வெற்றிலையை அரைத்துப் பூசினால் கல்லிலும் முளைக்கும் என்று ஒரு கவுளி கொடுத்தனுப்பினார். முளைக்கவில்லை. நெற்றியும் காதும் மூன்று நாளைக்குப் பச்சையாக இருந்தன. தலைமை ஆசிரியை சிஸ்டர் ஒன்றும் கேட்காமல், பெஞ்சுக்கு வண்ணம் அடிக்கிற வேலையை இனிமேல் வெளியாளிடம் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

ஸ்டெம் செல் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். கோரிப்பாளையத்தில் ஒரு தோல் மருத்துவமனையில் முடி உதிர்வுக்கு அந்தச் சிகிச்சையை ஆய்வாக நடத்துகிறார்கள், ஆள் சேர்க்கிறார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். ஸ்கூட்டரில் மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கோரிப்பாளையம் சந்திப்பில் சிக்னல் விழுந்து ஹெல்மெட்டோடு நின்ற பத்து நிமிடத்தில், இருக்கிற முடியும் வெந்து கொட்டிவிடும் போலிருக்கிறது என்று மாமா புலம்பினார்.

மருத்துவமனை கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. டாக்டர் ஷமீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிரிப்பை உதட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறவர். மாமாவின் தலையில் ஒரு சின்ன கேமராவை வைத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மே மாச வைகை மாதிரில்ல இருக்கு, டாக்டர்."

டாக்டர் விளக்கினார். வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுப்பார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து முன்னந்தலையில் ஊசியால் செலுத்துவார்கள். சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. இன்னும் ஆய்வுதான், யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. எதுவானாலும் தெரிய ஆறு மாதம் ஆகும்.

"உங்க தலையில தூங்குற வேரும் இருக்கு, செத்துப்போன வேரும் இருக்கு," என்றார். "தூங்குறத எழுப்பிப் பாக்கலாம். செத்தத உயிரோட எழுப்புறது என்னால ஆகாது."

"அது எங்க டிபார்ட்மெண்ட்," என்றார் மாமா.

டாக்டரின் சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. எவ்வளவு முடி எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் செல்போனை எடுத்து யாராவது நடிகர் படத்தைக் காட்டுவார்களாம். மாமா சட்டைப் பையிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்து மேசை மேல் வைத்தார். இதற்குப் பிடிமானம் வேண்டும், இதற்கு மேல் ஒரு முடியும் வேண்டாம் என்றார். எதற்கு என்றும் சொன்னார். டாக்டர் கிளிப்பைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தன்னிடம் ஒருவர் நியாயமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை என்றார்.

ஒப்புதல் படிவம் பதினோரு பக்கம். மாமா எழுத்தர் அல்லவா, ஒரு வரி விடாமல் படித்தார். எட்டாம் பக்கத்தில் முத்திரை இல்லை என்று எடுத்துக் காட்டி, போட வைத்து, நகல் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். வெளியே ஆய்வின் பதினெட்டாம் எண்காரர் காத்துக்கொண்டிருந்தார். மாமா பதினேழு.

மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்த வாரம், ஆகஸ்டில் சிகிச்சை நடந்தது. ஐரின் அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார். ஊசியென்றால் அவருக்கு ஆகாது, தையல் ஊசியைத் தவிர. அத்தை வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். வீட்டுக்கு வந்த மாமா வயிற்றில் ஒரு பிளாஸ்திரியும் தலையில் துணித் தொப்பியுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். அழகுபாண்டி பார்க்க வந்தார். விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப வயித்துல கெடந்த கொழுப்பு தலைக்கு ஏறிருச்சு. இனிமே அண்ணன்கிட்ட பாத்துத்தான் பேசணும்."

முதல் மாதம் இருந்ததும் கொட்டியது. அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் மாமா கலங்கவில்லை, அத்தைதான் கலங்கினார். நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரம், முன்னந்தலையில் பூனைக்குட்டியின் வயிற்றில் இருப்பது போல ஏதோ தெரிந்தது. அத்தை ஊசியில் நூல் கோக்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்குள் அது முடி என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. மாமா எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் குனிந்து காட்டினார். பூசையில் நன்மை அப்பம் வாங்கக் குருவின் முன்னால் நின்றபோதுகூடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தார் என்று அத்தை குற்றம் சாட்டினார்.

ஒரே ஒரு சங்கடம். இடது பக்கம் விரல் நீளத்துக்கு அடர்த்தியாக வந்தது. வலது பக்கம் வரவில்லை. ஏன் என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஆபீஸில் சன்னல் இடது பக்கம் இருக்கிறது, வெளிச்சம் பட்டு வளர்ந்திருக்கிறது என்பது அத்தையின் முடிவு. ஜனவரி முழுவதும் மாமா மேசையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

2024 பிப்ரவரி பதினெட்டு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்து மைதானத்தில் கமிட்டி கூடியது. விக் ஏறியது. பின் கிளிப்புகள் கவ்வின. இடது முன் கிளிப் 'டிக்' என்று கவ்வியது. வலது கிளிப்பும் ஏதோ ஒன்றைக் கவ்வியது. முள்முடி வைத்தார்கள், சிலுவையைத் தோளில் ஏற்றினார்கள். மாமா முதல் முறை விழுந்தார், நின்றது. இரண்டாவது முறை, நின்றது. மூன்றாவது முறை விழுந்தபோது வலது பக்கம் கிளம்பி, டப்பா மூடி திறப்பது போல விக் திறந்துகொண்டது. இடது கிளிப் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது மாமாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"லூர்து, ஒத்தக் கிளிப்ப நம்பி சிலுவையத் தூக்க முடியாதுப்பா," என்றார் சவரிமுத்து.

மாமா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். விக்கைக் கழற்றிச் சுருளைக் கையாலேயே நீவி, ஜினோவிடம் கொடுக்கப் போனார். பிறகு அவனுக்கு அது தேவையில்லை என்பது நினைவு வந்து, சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"வேற வேசம் எதுவும் பாக்கி இருக்கா?" என்றார்.

பேதுரு பாக்கி இருந்தது. வழக்கமாக நடிப்பவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பேதுருவுக்கு முன்தலை வழுக்கை வேண்டும், கோயில் சுரூபத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்பனைக்காரர் மாமாவின் புது முடியை மாவு பூசி மறைக்கப் பார்த்தார். மாமா விடவில்லை. இந்த முடிக்குப் பதினோரு பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பேதுரு அந்த வருடம் இடது பக்கம் வகிடெடுத்து வந்தார்.

பெரிய வெள்ளி மார்ச் இருபத்தொன்பது. ஜினோ நன்றாகவே நடித்தான். நடந்தது அழகாக இருந்தது, விழுந்தது அதைவிட அழகு. வாயைத் திறந்தால் மாமாவின் குரல். பதினைந்து வருடப் பாஸ்காவும் பார்த்த பாண்டீஸ்வரி என்ற பூக்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையன் முகத்துக்குக் குரல் ஒரு பத்து வயசு மூப்பா இருக்கே என்றார். பேதுரு இயேசுவை மறுதலிக்கும் காட்சியில் மாமா தலையைக் குனிந்துகொண்டு மூன்று முறை வாயசைத்தார். பேதுருவின் குரல் சவரிமுத்துவுடையது. மேடையின் மறுகோடியில் ஜினோ கட்டுண்டு நின்று, அடர்ந்த முடியோடு, மாமாவின் குரலில் பேசினான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாமாவுக்கு எப்படி இருந்தது என்று நான் பிறகும் கேட்கவில்லை.

மறுதலிப்பு முடிந்தால் பேதுருவுக்கு வேலை இல்லை. மாமா ஒப்பனைக் கொட்டகைக்குப் போய்த் தாடியில் பாதியைப் பிய்த்துவிட்டு, நோன்புக் கஞ்சியை ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஜினோவைச் சிலுவையில் ஏற்றியாகிவிட்டது. சிலுவையில் இயேசு பேசும் ஏழு வார்த்தைகளில் மூன்று முடிந்திருந்தன. அப்போது மின்சாரம் போனது.

ஜெனரேட்டரை யாரோ இழுத்தார்கள். அது இருமியது, கிளம்பவில்லை. ஜினோ வாயசைத்தான். சத்தமில்லை. அவனுக்கு வசனம் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்ற அளவில்தான் தெரியும். சொந்தமாகப் பேசிப் பழகியதே இல்லை. கைகள் துணியால் கட்டியிருந்ததால் சைகையும் காட்ட முடியவில்லை. இரண்டாயிரம் பேர் அமைதியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைப் பக்கம் திரும்பிய அவன் உதடு "சார்" என்று அசைந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பாதித் தாடியோடு குனிந்து போய், சிலுவைக்குப் பின்னால் பாறை மாதிரி வரைந்து வைத்திருந்த பலகைக்குப் பின்புறம் உட்கார்ந்துகொண்டார். நான்காவது வார்த்தையை அங்கிருந்து சொன்னார். மைக் இல்லை. கடைசி வரிசை ஐஸ்காரர் மணியடிப்பதை நிறுத்தினார். ஜினோ ஒரு நொடி தாமதித்து, பிடித்துக்கொண்டான். ஐந்தாவதும் ஆறாவதும் உதடும் குரலும் ஒரே ஆளுடையவை போலச் சேர்ந்து போயின. ஏழாவது வார்த்தை முடிந்ததும் ஜினோவின் தலை சாய்ந்தது.

பாண்டீஸ்வரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மைக் செட்டு இப்பத்தான் சுத்தமா கேக்குது."

நாடகம் முடிந்து கொட்டகைக்கு வந்த சவரிமுத்து, மாமா கீழே வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார்.

"கஞ்சி ஆறிப் போயிருக்கும் லூர்து. வேற ஊத்தச் சொல்லவா?"

ஜூலையில் தோஹாவில் வேலை கிடைத்து ஜினோ போய்விட்டான். தவக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே சவரிமுத்து விக்கைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார். வேறு ஆள் இல்லை. ஆனால் வலது பக்கம் வந்தபாடில்லை. ஆய்வு முடிந்து டாக்டர் ஷமீமா கொடுத்த அறிக்கையில் 'பகுதி முன்னேற்றம்' என்றிருந்தது. மறுபடி பசையா, நாடாவா, முள்முடியோடு சேர்த்துக் கட்டிவிடலாமா என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அழகுபாண்டி ஆணி வரைக்கும் யோசனை சொன்னார்.

ஐரின் அத்தை தையல் மெஷினை நிறுத்தினார். விக்கை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கிளிப்பும் இடது பக்கமே இருந்தா என்ன? ரோமாபுரிச் சட்டமா?"

அத்தை வலது கிளிப்பின் தையலைப் பிரித்து, இடது கிளிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை தள்ளி வைத்துத் தைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமா கூடத்திலேயே மூன்று முறை விழுந்தார். அழகுபாண்டி பிடித்து இழுத்தும் பார்த்தார். விக் அசையவில்லை, மாமாதான் "விடுறா, தலை வருது" என்றார்.

2025 பெரிய வெள்ளிக்கு நான் கம்போடியாவில் இருந்தேன். காணொளி மட்டும் பார்த்தேன். விக் இடது பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டதால் மாமா தலையை வலது பக்கம் லேசாகச் சாய்த்தே வைத்திருந்தார். இந்த வருடம் முகத்தில் துயரம் கூடுதல் என்று ஊரில் பேச்சாம்.

அந்த டிசம்பரில், திருவருகைக் காலம் ஆரம்பித்த வாரம், மாமா எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "மருமகளே, இதுக்கு என்ன பதில் போடட்டும்?" என்று கேட்டிருந்தார். ஜினோ தோஹாவிலிருந்து அவருக்கு எழுதியது:

"சார், நல்லா இருக்கீங்களா. இங்க குளிக்கிற தண்ணி சரியில்ல. முடி கொத்துக் கொத்தா வருது, முன்னாடி ஏறிருச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன், யார்ட்டயும் காட்டாதீங்க. அந்த கோரிப்பாளையம் டாக்டர் நம்பர் வேணும். ஏப்ரல்ல லீவு கெடைக்கும் போலருக்கு சார். உங்க வசனம் ஏழும் இப்ப மனப்பாடம், கரண்ட் போனாலும் சொல்லிருவேன். ஆனா ஏசு நீங்களே பண்ணுங்க. பேதுருவுக்கு ஆள் போட்டாச்சான்னு சவரிமுத்து தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. மாவு பூச வேண்டாம், அப்படியே வந்து நிக்கலாம்."